தங்கள் ஜீப் உயர்ந்துபோன விவரம்

ஒத்தக்கடை,
பங்குனி முதல் வாரம்.

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்ரம் அவர்களுக்கு, மாமனார் சின்னக்கருப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உங்கள் அத்தை செல்லத்தாயும் சுகம். எங்கள் மகள் பாண்டிமீனா இந்த நிமிஷம் நம் வீட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கை நிறைய வளையலோடு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருக்கிறாள். வயிற்றில் இருப்பதும் சுகம். நீங்களும் அந்த ஊர் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும்.

நேற்று போனில் எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக, "ஜீப் எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டீர்கள். உடனே லைன் கட்டாகிவிட்டது. டெலிபோன்காரர்களைத் திட்டியிருப்பீர்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. நான்தான் வைத்தேன். ஓடுகிற மீட்டரில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. அதனால் இந்தக் கடிதம். உங்கள் ஜீப் நலம். ஆனால் நீங்கள் விட்டுச்சென்ற உயரத்தில் இல்லை.

பதற வேண்டாம். ஐப்பசியில் நீங்கள் புறப்படும்போது, உங்கள் ஊரில் நிறுத்த இடமில்லை என்று ஜீப்பை நம் வீட்டு போர்ட்டிகோவில் விட்டீர்கள். "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க மாமா, வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்றீர்கள். அந்த "வேற ஒன்னும்" என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் மாசி பிறந்ததும் நிலைமை மாறிவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மாசி கடைசி முகூர்த்தத்தில் வளைகாப்பு, அன்றைக்கே அழைத்துக்கொள்ளுங்கள், பங்குனி பிறந்துவிட்டால் பிள்ளைத்தாச்சியை வீடு மாற்ற மாட்டோம் என்று உங்கள் அம்மா சொல்லியனுப்பிவிட்டார்கள். அழைத்து வருவது எதில்? உங்கள் ஊரிலிருந்து கொட்டாம்பட்டி மெயின் ரோடு வரைக்கும் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிறேன் என்று ரோட்டை உழுது போட்டிருக்கிறார்கள். டாக்ஸிக்காரரிடம் ஊர்ப் பேரைச் சொன்னதும், "அந்த ரோட்டுக்கா? நான் வரலண்ணே, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

போன சித்திரையில் நடந்ததை எழுதப் பேனா வரவில்லை, இருந்தாலும் அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அழகரைப் பார்க்க வேண்டும் என்று மூன்றாம் மாசத்து வயிற்றோடு அவள் டவுன் பஸ்ஸில் வந்தாள். நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள், அவள்தான் அடம்பிடித்தாள். இரண்டு நாளில் அது தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பஸ்ஸிலேயே கண்டக்டராக நின்று சோறு சம்பாதித்து அவளை வளர்த்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை டாக்டரம்மா ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஜாக்கிரதை என்றால் குலுங்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆகவே குலுங்காத வண்டி வேண்டும். அந்த ரோட்டில் இறங்கி ஏறக்கூடிய வண்டி என்று நம் வசம் இருந்தது உங்கள் ஜீப் ஒன்றுதான்.

முதலில் நானே சோதித்தேன். வண்டி குலுங்குகிறதா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மிஷின் தேவையில்லை. ஜீப்பின் பின்பக்கம், கம்பியைப் பிடிக்காமல் குனிந்து நின்றேன். உங்கள் அத்தையின் தம்பி நல்லகாமன் ஓட்டினான். நம் தெருமுனையில் சாக்கடைக்காகப் போட்ட மேடு இருக்கிறதே, அதில் ஏறி இறங்கினதும் என் தலை மேல்கம்பியில் மோதி, பல்செட்டு முன்சீட்டுக்குப் போய்விட்டது. வண்டி ஃபெயில். காட்டுக்குள் ஓட்டுகிற வண்டிக்கு அந்தக் குலுக்கல் சரி. என் மகளுக்குச் சரியில்லை.

நல்லகாமனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்ட்டரில் தலை நரைத்தவன். எந்த வண்டிக்கு எந்த பார்ட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதை எங்கே மாட்டுவது என்பது மட்டும் தெரியாது. அவன் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "மச்சான், இது எல்லாத்துக்கும் காரணம் பட்டைதான்" என்றான். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறதே இரும்புப் பட்டை, அதைச் சொல்கிறான். "பட்டை கம்மியா இருக்கு. மெத்தைல பஞ்சு கூடுனா மெத்துன்னு இருக்கும்ல? அதே கணக்குதான். இன்னும் நாலு பட்டை கூடப் போட்டு, ஷாக் அப்சார்பரை மாத்தி, பெரிய டயரா மாட்டிட்டா, தொட்டில் மச்சான், தொட்டில்." தொட்டில் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். தாத்தாவாகப் போகிறவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

ஒர்க் ஷாப்பில் விடலாம் என்றேன். "அங்க விட்டா வளைகாப்புக்கு வராது, அந்தப் புள்ளைக்குக் காதுகுத்துக்குத்தான் வரும்" என்றான். அதனால் வீட்டிலேயே ஆரம்பித்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக்கொடுக்கக் கல் போதவில்லை என்று உங்கள் அத்தையின் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்க அச்சுக்கு அடியில் வைத்தோம். உங்கள் அத்தை கிரைண்டர் மாவை மாவாகவே மதிக்காதவர். ஜீப் எத்தனை நாள் கல்மேல் உட்கார்ந்திருந்ததோ அத்தனை நாளும் வீட்டில் உப்புமா. பழைய போல்ட்டுகள் துருவேறி, மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. நல்லகாமன் ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி, அதன் நுனியில் என்னை உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். போல்ட்டு கழன்றது, நானும் கழன்றேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே உங்கள் அத்தை கேட்டார்: "புள்ள பெறப்போறது அவளா, நீங்களா?"

ஒரு வழியாகப் பட்டை ஏறியது, ஷாக் அப்சார்பர் ஏறியது, டயர் ஏறியது. கல்லை எடுத்து ஜீப்பை இறக்கினோம். இறங்கவே இல்லை, மாப்பிள்ளை. கல்மேல் இருந்த மாதிரியே தரையிலும் நின்றது. கோயில் காளை மாதிரி அப்படி ஒரு நிமிர்வு! எனக்கே பெருமையாக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, நல்லகாமன் சாவியைத் திருப்பி, பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டான். பழத்தைத் தாண்டியதும் மேலே "டங்" என்று சத்தம். ஜீப்பின் மேல்கம்பி போர்ட்டிகோ முகப்பின் உத்திரத்தில் முட்டி நிற்கிறது. உள்ளே வரும்போது ஒரு முழம் இடைவெளியோடு வந்த வண்டி. உள்ளேயே வைத்து வளர்த்துவிட்டோம், வெளியே வர மாட்டேன் என்கிறது.

டயரில் காற்றை இறக்கினோம். போதவில்லை. கம்பியை அறுக்கலாம் என்றான் நல்லகாமன். மாப்பிள்ளை வண்டியில் ரம்பம் வைப்பதா என்று நான் குறுக்கே படுத்தேன். உத்திரத்தை இடிக்கலாம் என்றான். உங்கள் அத்தை குறுக்கே படுத்தார். அப்போதுதான் எதிர்வீட்டு அலர்மேல்மங்கை டீச்சர், சௌராஷ்டிரா ஸ்கூலில் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர், வாசலில் நின்றபடி, "வண்டில ஆள் ஏறுனா வண்டி அமுங்கும்தானே சார்?" என்றார். அவ்வளவுதான். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் எழுந்துவிட்டான். அலமாரியிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். "வாங்க வாங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் இருக்கு, அந்தக்கா கொஞ்சம் நகந்து உக்காரு, குழந்தைய மடில வச்சுக்க!" என்று தெருவையே ஏற்றினேன். டீச்சர் முன்சீட்டில். ஏற ஏற ஜீப் அமுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ராமக்காள் கறவை மாட்டைக் கட்டிவிட்டு வந்து ஏறினதும், உத்திரத்துக்கும் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. விசில் கொடுத்தேன். ஜீப் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தெருவே கைதட்டியது. ஆனால் யாரும் இறங்கவில்லை. "ஏறுனது ஏறிட்டோம், நரசிங்கம் கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே" என்றாள் ராமக்காள்.

அந்த ரவுண்டில்தான் உண்மை தெரிந்தது. போகும்போது, அத்தனை பேரோடு, வண்டி எண்ணெய் தடவின மாதிரி போனது. பின்னால் பிடிக்காமல் நின்றேன், கால் அசையவில்லை. எல்லோரும் சாமி கும்பிட்டுவிட்டு நடந்தே வருகிறோம் என்று சொல்லிவிட, திரும்பும்போது நானும் நல்லகாமனும் மட்டும். மாப்பிள்ளை, அது ஓடவில்லை, குதித்தது. பழைய குலுக்கல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நல்லகாமன் மறுபடி அடியில் போய்ப் படுத்துப் பார்த்தான். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. கூட்டமில்லாத கடைசி டிரிப் பஸ்தான் தூக்கிப் போடும். படிக்கட்டில் தொங்கத் தொங்கக் கூட்டம் ஏறின பஸ் குலுங்கவே குலுங்காது. பட்டை கூடக் கூட பாரமும் கூட வேண்டும். வண்டியில் தப்பில்லை, அதில் ஏற்றவேண்டியதை ஏற்றவில்லை.

பழையபடி பிரித்து மாட்டலாம் என்றால் நாளில்லை. அதற்கென்ன, வளைகாப்புக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகிறோமே! புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக. உங்கள் ஊருக்கே போதும்படி கிளறச் சொன்னேன். உங்கள் அத்தை, "என்னங்க, இம்புட்டா?" என்று கேட்டபோது, "ஒரே மகள்" என்று சொன்னேனே தவிர, பட்டைக்காக என்று சொல்லவில்லை. அண்டாக்களைப் பின்னால் ஏற்றி, தெருப் பெண்களை நடுவில் ஏற்றி, டீச்சரை முன்னால் ஏற்றிப் புறப்பட்டோம். மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டி தாண்டி, உழுதுபோட்ட அந்த ரோட்டில் இறங்கியும் சர்க்கரைப் பொங்கலின் மேலிருந்த முந்திரிப்பருப்பு இடம் மாறவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

உங்கள் அம்மா சுந்தரம்மாளும் அப்பா வீரணனும் வாசலில் வந்து வரவேற்றார்கள். வளைகாப்பு சிறப்பாக நடந்தது. பாண்டிமீனா சிரித்தாள், ஆனால் கண் மட்டும் வாசலில் நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குலுங்காதுல்லப்பா?" என்று கேட்டாள். "வரும்போது முந்திரி கூட நகரல தாயி" என்று தைரியம் சொல்லிவிட்டு, பந்தி நடந்த பக்கம் போனேன். அங்கே அண்டாக்களைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சோறு கொண்டுபோனால் சாப்பிடுவார்கள், சாப்பிட்டால் அண்டா காலியாகும் என்பது என் புத்தியில் படவே இல்லை, மாப்பிள்ளை! போகும் பாரத்தைத்தான் யோசித்தேன், மகள் ஏறப்போவது வரும் வண்டியில் என்பதை யோசிக்கவில்லை. நம் தெருப் பெண்களையாவது ஏற்றலாம் என்றால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று சாப்பிட்ட கையோடு மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் புறப்பட வேண்டும். அண்டாவில் மண் நிரப்பலாம் என்றேன். "வளைகாப்பு அண்டாவுல மண்ணா?" என்று உங்கள் அம்மா பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என்னிடம் நல்லகாமன் வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக உருப்படியாக ஒன்று சொன்னான். "சோறு எங்க மச்சான் போயிரப் போகுது? அண்டாவுல இருந்து ஆளுக்குள்ள மாறியிருக்கு. தின்னவுகளை ஏத்துவோம்."

பந்தியில் யார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பரிமாறின பெண்களிடம் விசாரித்து ஆள் எடுத்தேன். உங்கள் பெரியப்பாக்கள் இருவரும் முதல் தேர்வு. உங்கள் அப்பா மூன்றாம் முறை தயிர்சாதம் வாங்கினார் என்று தகவல் வந்தது, அவரும் ஏறினார். அவர் ஏறினதும் உங்கள் அம்மா, "எங்க வீட்டுப் புள்ளையச் சுமக்குறவளைத் தனியா அனுப்புறதா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள். எல்லோரும் ஏறியாயிற்று, ஏறவேண்டியவள் ஏற முடியவில்லை. ஜீப்பின் படி அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஸ்டூல் போட்டால் ஆடுகிறது, தூக்கிவிடவோ எல்லோருக்கும் பயம். கடைசியில் ஊர் நடுவே நாடக மேடை இருக்கிறதே, அதை ஒட்டி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். மாலையும் வளையலுமாக, ஊரே பார்க்க, பாண்டிமீனா மேடையின் படிக்கட்டில் ஏறி, மேடைமேல் நடந்து, வலது காலை எடுத்து நேராக ஜீப்புக்குள் வைத்தாள். குலவை போட்டார்கள்.

அந்தக் குழாய்ப் பள்ளம் வந்தது. பாண்டிமீனா ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் உங்கள் அம்மாவையும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்னால் நின்றபடி எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஜீப் மெள்ள இறங்கியது, மெள்ள ஏறியது. அவ்வளவுதான். ஒன்றுமே ஆகவில்லை. பாண்டிமீனா கண்ணைத் திறந்து, "அப்பா, உதைக்குதுப்பா" என்றாள். உங்கள் பெரியப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை. போன சித்திரையிலிருந்து நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிப்போனது போல் இருந்தது.

ஆகவே, மாப்பிள்ளை, பட்டை மாற்றியதற்காக நீங்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் இன்றைக்கு நம் பிள்ளை இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஜீப் தெருவில்தான் நிற்கிறது, போர்ட்டிகோவுக்குள் போக மாட்டேன் என்கிறது. உங்கள் அப்பாவும் அம்மாவும் பெரியப்பாக்களும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக நேர்ந்தால் பாரம் வேண்டுமே என்று நான்தான் போகவிடவில்லை. பாரம் குறையக் கூடாதென்று மூன்று வேளையும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம்.

ஆனைமலை நரசிங்கப் பெருமாளும் உங்கள் ஊர் அய்யனாரும் உங்களுக்குத் துணையிருக்கட்டும். அங்கே உங்களோடு தங்கியிருக்கும் நண்பர்களையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அத்தை உங்களுக்கு ஊறுகாய் அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்
சின்னக்கருப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை எதிர்வீட்டு டீச்சர் திண்ணையை ஒட்டி ஜீப்பை நிறுத்தி, எல்லோரையும் ஏற்றி, பாண்டிமீனாவை மதுரையில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். நான் பெருமை தாங்காமல் பட்டை, கட்டுச்சோறு, பள்ளம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஜாக்கிரதையா இருங்கன்னுதானே சொன்னேன், குலுங்கக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார். போன சித்திரையில் நடந்தது பஸ்ஸால்தானே என்று உங்கள் அம்மா கேட்டார்கள். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கு எடுத்த ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்து, "அது ஆரம்பத்துலயே வளர்ச்சி சரியில்லம்மா. இவ கட்டில்ல படுத்தே கிடந்திருந்தாலும் தங்கியிருக்காது. பஸ்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்.

பாண்டிமீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் ஒன்னும் பண்ணலையாப்பா?" என்று கேட்டாள். "நீ ஒன்னும் பண்ணல தாயி" என்றேன். இத்தனை மாதமாக அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, மாப்பிள்ளை. உங்களுக்காவது தெரியுமா?

ஆகையால் மேலே பட்டையைப் பற்றி எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். அது வெட்டிவேலை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வெட்டிவேலையும் செய்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பாண்டிமீனா ஜீப்பைப் பார்த்தாள், எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள், "பஸ்ல போவோம்ப்பா" என்றாள். அவள் ஏறினதும் உங்கள் அப்பா அம்மா பெரியப்பாக்கள் எல்லோரும் அவள் பின்னாலேயே ஏறிவிட்டார்கள். நல்லகாமன் மட்டும் தனியாகக் காலி ஜீப்பில் குதித்துக் குதித்துப் பின்னால் வந்தான். ஒத்தக்கடை வரைக்கும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.